கிராஃப் படத்திலிருந்து எண்களை எடுப்பது: எந்த மென்பொருள், எப்படி, எவ்வளவு நம்பலாம்?

கேள்வி இதுதான்: பழைய ஆய்வுக் கட்டுரை ஒன்றின் ஸ்கேன் செய்த பக்கம் கையில் இருக்கிறது. அதில் ஒரு கிராஃப். ஒய் அச்சு மடக்கை அளவில் இருக்கிறது, அதாவது சம இடைவெளியில் 1, 10, 100 என்று பத்துப் பத்து மடங்காகக் கூடுகிறது. இரண்டு கறுப்புக் கோடுகள். ஒன்று முழுக்கோடு, இன்னொன்று விட்டுவிட்டு வரைந்த கோடு. நடுவில் இரண்டும் வெட்டிக்கொள்கின்றன. சொந்தக் கணக்கீட்டோடு ஒப்பிட அந்தக் கோடுகளின் எண்கள் வேண்டும். எந்த மென்பொருள் நல்லது, எப்படிச் செய்வது, வரும் எண்களை எவ்வளவு நம்பலாம்?

மென்பொருளின் பெயரை முதலில் சொல்லிவிடுகிறேன்: வெப்பிளாட் டிஜிட்டைசர். அங்கித் ரோஹத்கி 2010 முதல் உருவாக்கி வருவது. உலாவியிலேயே ஓடும், இலவசமாகக் கிடைக்கும், உங்கள் வேலைக்குத் தாராளமாகப் போதும். கணினியில் நிறுவிக்கொள்ளும் வகை வேண்டுமென்றால் எங்கேஜ் டிஜிட்டைசர் இருக்கிறது. அதுவும் இலவசம், மூலநிரலும் திறந்தது. இந்த இரண்டில் எதை எடுத்தாலும் கிடைக்கும் எண்ணில் பெரிய வித்தியாசம் வராது. வித்தியாசம் வருவது நீங்கள் அச்சில் வைக்கும் நான்கைந்து கிளிக்குகளிலும், எடுத்து முடித்தபின் செய்யும் சரிபார்ப்பிலும்தான். பல வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன். எனக்கு எண்கள் தவறாகப் போன போதெல்லாம் காரணம் இந்த இரண்டு இடங்களில் ஒன்றில்தான் இருந்தது. அதனால் பதிலின் பெரும்பகுதியை அங்கேயே செலவிடுகிறேன்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு வேலை. படத்திலிருந்துதான் எடுத்தாக வேண்டுமா என்று ஒருமுறை பாருங்கள். உங்களுடையது ஸ்கேன் என்கிறீர்கள், சரி. அதே கட்டுரையின் வேறு பிடிஎஃப் எங்காவது கிடைக்கிறதா என்று தேடிப் பார்ப்பதில் நஷ்டமில்லை. கிடைத்தால் கிராஃபை 800 சதவீதம் வரை பெரிதாக்கிப் பாருங்கள். கோட்டின் விளிம்பு அப்போதும் கூர்மையாக இருந்தால் அது வெக்டர் படம். அதாவது கோடு பிக்சல்களாக இல்லாமல் ஆயத்தொலைகளாகவே கோப்புக்குள் எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தை இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் திறந்து, கோட்டைத் தேர்ந்தெடுத்து, அதன் பாதை விவரத்தைப் பார்த்தால் எண்கள் வரிசையாக நிற்கும். அச்சின் இரண்டு குறிகளை வைத்து அந்த எண்களை அளவு மாற்றினால் போதும். கண்ணால் கிளிக் செய்து எடுக்கும் எதையும்விட இது பல மடங்கு துல்லியமானது. இரண்டு விஷயங்களை மட்டும் கவனியுங்கள். எஸ்விஜி கோப்பில் (இங்க்ஸ்கேப் பயன்படுத்தும் வெக்டர் பட வடிவம்) ஒய் மதிப்பு மேலிருந்து கீழே கூடிக்கொண்டு போகும். சில சமயம் ஒவ்வொரு புள்ளியும் முந்தைய புள்ளியிலிருந்து எவ்வளவு தள்ளி என்ற கணக்கில் எழுதப்பட்டிருக்கும். அப்போது வரிசையாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

வேர்ட் அல்லது பவர்பாயிண்ட் கோப்பில் உள்ள கிராஃப் என்றால் இன்னும் எளிது. அந்தக் கோப்புகள் உள்ளுக்குள் ஜிப் மூட்டைகள்தான். ஜிப்பாகத் திறந்தால் சார்ட்ஸ் என்ற கோப்புறை இருக்கும். எக்செல் வழியாகச் செருகிய கிராஃபின் எண்கள் பெரும்பாலும் அதற்குள்ளேயே கிடக்கும். இணையப் பக்கத்தில் சுட்டியை மேலே கொண்டுபோனால் மதிப்பைக் காட்டும் கிராஃப் என்றால், அந்த எண்கள் ஏற்கெனவே உங்கள் உலாவிக்கு வந்துவிட்டன என்று பொருள்; டெவலப்பர் கருவிகளில் நெட்வொர்க் பகுதியைப் பார்த்தால் அகப்படும். கட்டுரை ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்பதையும் விட்டுவிடாதீர்கள். பலர் சந்தோஷமாகவே அனுப்புகிறார்கள்.

இதெல்லாம் கைகொடுக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். இனி மென்பொருள்.

உள்ளே நடப்பது மிக எளிய கணக்கு. அதை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்துவிட்டால் பிறகு எந்த மென்பொருளும் மர்மமாக இருக்காது. உங்கள் படத்தில் எக்ஸ் அச்சின் 0 என்ற குறி 142-ஆவது பிக்சலிலும், 50 என்ற குறி 1092-ஆவது பிக்சலிலும் இருப்பதாகக் கொள்ளுங்கள். இடைவெளி 950 பிக்சல். ஓர் அலகுக்கு 19 பிக்சல். கோட்டில் ஒரு புள்ளி 617-ஆவது பிக்சலில் இருந்தால், 617-இலிருந்து 142-ஐக் கழித்து 19-ஆல் வகுக்க, 25 வருகிறது. அவ்வளவுதான்.

ஒய் அச்சு மடக்கை என்பதால் அங்கே கணக்கு மாறுகிறது. 1 என்ற குறி மேலிருந்து 810-ஆவது பிக்சல் வரிசையிலும், 1000 என்ற குறி 90-ஆவது வரிசையிலும் இருக்கட்டும். 720 பிக்சலில் மூன்று பத்து மடங்குகள் அடங்குகின்றன. ஒரு பத்து மடங்குக்கு 240 பிக்சல். புள்ளி 450-ஆவது வரிசையில் இருந்தால், 810 கழித்தல் 450, 360. அதை 240-ஆல் வகுத்தால் 1.5. பத்தின் 1.5 அடுக்கு 31.6. இதுதான் விடை. மடக்கை என்ற கட்டத்தில் டிக் போட மறந்திருந்தால் அதே புள்ளிக்கு மென்பொருள் 500.5 என்று கொடுக்கும். பதினாறு மடங்கு தவறு, எந்த எச்சரிக்கையும் இல்லாமல்.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒரு பள்ளம் இருக்கிறது. சில கிராஃப்களில் அச்சின் பெயரிலேயே மடக்கை என்று எழுதி, குறிகள் 0, 1, 2, 3 என்று சம இடைவெளியில் இருக்கும். அங்கே ஆசிரியர் ஏற்கெனவே மடக்கை எடுத்துவிட்டார். அதைச் சாதாரண அச்சாகவே கொடுத்து எண்ணை எடுத்து, பிறகு நீங்கள் அடுக்கு ஏற்ற வேண்டும். அது பத்தை அடிமானமாகக் கொண்ட மடக்கையா, e-ஐ அடிமானமாகக் கொண்ட இயல் மடக்கையா என்றும் கட்டுரையில் தேடிப் பாருங்கள். குறிகளே 1, 10, 100 என்று இருந்தால்தான் மடக்கை டிக். சந்தேகமாக இருந்தால் சிறு குறிகளைப் பாருங்கள். மடக்கை அச்சில் 1-க்கும் 2-க்கும் உள்ள இடைவெளி ஒரு பத்து மடங்கு நீளத்தில் 30 சதவீதம். 2-க்கும் 3-க்கும் உள்ளது 18 சதவீதம்கூட இல்லை. போகப்போக நெருங்கிக்கொண்டே போகும்.

வெப்பிளாட் டிஜிட்டைசரில் எக்ஸ் அச்சில் இரண்டு, ஒய் அச்சில் இரண்டு என்று மதிப்பு தெரிந்த நான்கு புள்ளிகளைக் கேட்கும். எங்கேஜில் வழக்கமாக மூன்று புள்ளிகள். புள்ளிகளை முடிந்தவரை அச்சின் இரண்டு கோடிகளில் வையுங்கள். 0-க்கும் 10-க்கும் வைத்துவிட்டு 50 வரை நீட்டினால் ஒரு பிக்சல் தவறு அங்கே ஐந்து பிக்சல் தவறாகிவிடும். குறியின் கோட்டுக்கும் ஒரு தடிமன் உண்டு. பெரிதாக்கிக் காட்டும் சிறு பெட்டியைப் பார்த்துக்கொண்டே நடுவில் வைத்து, அம்புக்குறி விசைகளால் ஒவ்வொரு பிக்சலாக நகர்த்திச் சரிசெய்யுங்கள். நான்கு கிளிக்குகளுக்கு ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்வதில் தவறே இல்லை.

ஸ்கேன் படங்களில் சாய்வைக் கட்டாயம் பாருங்கள். ஒரு தடவை ஒரு பழைய அறிக்கையின் ஸ்கேனிலிருந்து கோடு ஒன்றை எடுத்தேன். இடது பக்கம் அறிக்கையில் இருந்த அட்டவணையோடு கச்சிதமாகப் பொருந்தியது; வலது பக்கம் போகப்போக விலகியது. பக்கம் ஒன்றரை டிகிரி சாய்ந்திருந்தது. கண்ணுக்குத் தெரியவே தெரியாத சாய்வு. ஆனால் 900 பிக்சல் அகலத்தில் அது 23 பிக்சலுக்கு மேல் உயர வித்தியாசம் ஆகிறது. மேலே சொன்ன மடக்கை அச்சில் 23 பிக்சல் என்றால் கிட்டத்தட்ட 25 சதவீதம். அச்சுகள் நேராக இருக்கின்றன என்று சொல்லும் கட்டத்தில் பழக்கதோஷத்தில் டிக் போட்டிருந்தேன். அதை எடுத்துவிட்டால் மென்பொருள் சாய்வையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். பக்கம் புத்தக மடிப்பின் அருகே வளைந்திருந்தாலோ, கைபேசியில் கோணலாகப் படம் எடுத்திருந்தாலோ இது போதாது. முதலில் ஒரு படத்திருத்தியில் நான்கு மூலைகளையும் இழுத்துச் செவ்வகமாக்கிவிட்டு வாருங்கள். முடிந்தால் மறுபடி தட்டையாக வைத்து ஸ்கேன் செய்வது இன்னும் நல்லது.

ஸ்கேன் செய்யும்போது அங்குலத்துக்கு 600 புள்ளிகள் வையுங்கள். பிஎன்ஜி ஆகச் சேமியுங்கள். ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. அதனால் கறுப்புக் கோட்டைச் சுற்றிச் சாம்பல் நிறத் தூசி படியும். தானாகத் தேடும் முறை அதையும் கோடு என்று எடுத்துக்கொள்ளும்.

இப்போது கோட்டை எடுப்பது. தானியங்கி முறை நிறத்தை வைத்து வேலை செய்கிறது: இந்த நிறமுள்ள பிக்சல்களை மட்டும் எடு, அவற்றின் நடுவில் புள்ளி வை. வண்ணக் கோடுகளுக்கு இது அற்புதமாகப் பலிக்கும். உங்கள் படத்திலோ இரண்டு கோடுகளும் கறுப்பு, அச்சும் கறுப்பு, எழுத்தும் கறுப்பு. ஆகவே நிறம் உதவாது. நான் செய்வது இதுதான்: முகமூடி என்ற பகுதியில் பேனாவை எடுத்து, முழுக்கோட்டின் மேல் மட்டும் தடவிக்கொண்டு போவேன். தேடல் அந்தத் தடத்துக்குள் மட்டும் நடக்கும். விட்டுவிட்டு வரும் கோட்டுக்குத் தனியாக ஒரு தரவுத்தொகுதி தொடங்கி, அதே மாதிரி தடவி, எக்ஸ் அச்சில் சம தூரத்துக்கு ஒரு புள்ளியாக வைத்து, துண்டுகளுக்கு நடுவே உள்ள வெற்றிடங்களையும் நிரப்பிக்கொண்டு போகும் வழிமுறையைத் தேர்ந்தெடுப்பேன். சராசரி எடுக்கும் வழிமுறையில் துண்டுகளின் மேல் மட்டுமே புள்ளிகள் விழும். அதுவும் பிரச்சினை இல்லை.

இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் எந்த வழிமுறையையும் நம்பாதீர்கள். அங்கே இரு கோடுகளின் பிக்சல்களும் கலந்து, நடுப்புள்ளி இரண்டுக்கும் சேராத இடத்தில் விழும். வெட்டும் இடத்துக்கு இரு பக்கமும் பத்துப் பதினைந்து பிக்சல்களைத் தானியங்கியிலிருந்து விலக்கிவிட்டு, கையால் இரண்டு மூன்று புள்ளிகள் வையுங்கள். கோடுகள் மெதுவாக நெருங்கி ஒன்றாகப் படிந்து ஓடினால், பிரித்தறிய முடியாத அந்தப் பகுதிக்கு இரண்டு கோடுகளுக்கும் ஒரே மதிப்பைக் கொடுத்து, அதைக் குறிப்பில் எழுதிவிடுங்கள். ஊகித்துப் பிரித்து எழுத வேண்டாம்.

கோடு செங்குத்தாக விழும் இடங்களிலும் நிதானம் வேண்டும். அங்கே எக்ஸ் பக்கம் ஒரு பிக்சல் நகர்ந்தாலே ஒய் மதிப்பு தாறுமாறாக மாறும். அப்படிப்பட்ட பகுதியில் நான் தலைகீழாகச் செய்வேன்: ஒய் 100 ஆகும்போது எக்ஸ் என்ன, 10 ஆகும்போது என்ன என்று எடுப்பேன்.

எத்தனை புள்ளிகள் எடுப்பது என்பதிலும் பலர் தவறு செய்கிறார்கள். மென்பொருள் ஒரே சொடுக்கில் 500 புள்ளிகள் கொடுக்கும். ஆனால் ஆசிரியர் 12 அளவீடுகளைக் குறியாக வைத்து, நடுவில் கோடு இழுத்திருந்தால், உண்மையான தரவு அந்த 12 மட்டுமே. நடுவில் உள்ளது அவர் கை இழுத்த பாதை. குறிகளை மட்டும் எடுங்கள். குறி இல்லாத வெறும் கோடு என்றால் வடிவத்தைப் பிடிக்கப் போதுமான அளவு, 30 அல்லது 40 புள்ளிகள். 500 புள்ளிகளை எடுத்து அதன்மேல் ஒரு சமன்பாட்டைப் பொருத்தி, மாதிரி அளவு 500 என்று கணக்கிட்டால் பிழை வரம்புகள் பொய்யாகச் சிறுத்துவிடும்.

சரிபார்ப்புக்கு வருவோம். எடுத்த புள்ளிகள் படத்தின் மேல் சிவப்பாக, கோட்டின் மேல் அழகாக உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். சிவப்புப் புள்ளி சரியான பிக்சலில் இருக்கிறது என்பதை மட்டும்தான் அது காட்டுகிறது. அச்சு மதிப்பைத் தவறாகக் கொடுத்திருந்தாலும், மடக்கை டிக்கை மறந்திருந்தாலும் சிவப்புப் புள்ளிகள் அதே இடத்தில்தான் இருக்கும். சரியான சோதனை வேறு: அச்சை அமைக்கப் பயன்படுத்தாத ஒரு குறியைக் கிளிக் செய்து பாருங்கள். 1-ஐயும் 1000-ஐயும் வைத்து அமைத்திருந்தால், 100 என்ற குறியில் 100-க்கு மிக அருகில் வர வேண்டும். எதிர் மூலையிலும் ஒன்று பாருங்கள். சாய்வு அங்கேதான் வெளிப்படும். அப்புறம், எடுத்த எண்களை எக்செல்லிலோ பைத்தானிலோ அதே அச்சு எல்லைகளோடு மறுபடி வரைந்து, பாதி ஒளி ஊடுருவும்படி வைத்து மூலப் படத்தின் மேல் படியவிடுங்கள். எங்கே விலகுகிறது என்று கண்ணே சொல்லிவிடும். கட்டுரையின் உரையில் உச்ச மதிப்பு இவ்வளவு என்று எங்காவது எழுதியிருந்தால், அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

எவ்வளவு நம்பலாம் என்ற கேள்விக்கு நேரடி விடை: ஒரு பிக்சல் எவ்வளவு மதிப்போ, அதற்கு மேல் துல்லியம் கிடையாது. மேலே உள்ள எடுத்துக்காட்டில் எக்ஸ் அச்சில் ஒரு பிக்சல் 0.05 அலகு. ஒய் மடக்கை அச்சில் ஒரு பிக்சல் சுமார் 1 சதவீதம், எந்த உயரத்தில் இருந்தாலும் அதே 1 சதவீதம்தான். கோட்டின் தடிமன் 6 பிக்சல் என்றால், மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் 6 சதவீத வித்தியாசம். எப்போதும் நடுவை எடுத்தாலும் கூட்டல் கழித்தல் 1 முதல் 3 சதவீதம் என்று சொல்வதுதான் நேர்மை. மென்பொருள் 31.62277 என்று ஏழு இலக்கம் கொடுக்கும், நீங்கள் 31.6 என்று எழுதுங்கள், அல்லது 32 என்றே எழுதுங்கள். கணினி வருவதற்கு முன்னால் குரோமட்டோகிராஃபி (கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் முறை) செய்தவர்கள், தாளில் வரைந்து வரும் கோட்டின் சிகரத்தைக் கத்தரியால் வெட்டி, அந்தத் தாளைத் தராசில் நிறுத்துப் பரப்பளவு கண்டுபிடித்தார்கள். தாளின் கனம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது என்பதும், ஈரம் பட்டால் எடை கூடும் என்பதும் அவர்கள் நினைவில் எப்போதும் இருந்தது. நமக்குப் பிக்சலும் அப்படியே.

கைநடுக்கம் எவ்வளவு என்று தெரிய, ஒரு நாள் விட்டு மறுபடி முழுதாகச் செய்து பாருங்கள், அச்சு அமைப்பது உட்பட. நல்ல படமாக இருந்தால் இரண்டும் ஆச்சரியப்படும் அளவுக்கு ஒத்துப்போகும். 2017-இல் ட்ரெவன் குழுவினர் வெப்பிளாட் டிஜிட்டைசரை வைத்து வெவ்வேறு ஆட்களை ஒரே கிராஃப்களிலிருந்து எடுக்கச் சொல்லிச் சோதித்ததிலும் எண்கள் மிக நெருக்கமாகவே வந்தன. ஆனால் அச்சைத் தவறாகப் புரிந்துகொண்டவர் இரண்டு முறையும் அதே தவறைத்தான் செய்வார். அதற்குத்தான் மேலே சொன்ன குறிச் சோதனை.

மற்ற வகைக் கிராஃப்களைப் பற்றி ஓரிரு வார்த்தை. சிதறல் படத்தில் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று மறைந்திருக்கும். எடுத்த எண்ணிக்கையைக் கட்டுரையில் உள்ள மாதிரி எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். பிழைக் கோடுகளை எடுக்கும்போது அது திட்ட விலக்கமா, திட்டப் பிழையா, 95 சதவீத நம்பக இடைவெளியா என்று படத்தின் அடிக்குறிப்பைப் படிக்காமல் எழுதவே கூடாது. 25 பேர் கொண்ட குழுவில் திட்ட விலக்கம் திட்டப் பிழையைப் போல ஐந்து மடங்கு. மாற்றி எழுதினால் அதன்மேல் கட்டும் எல்லாமே சரியும். மருத்துவத்தில் உயிர்பிழைப்பு வளைவுகளிலிருந்து (காலப்போக்கில் எத்தனை சதவீத நோயாளிகள் உயிரோடு இருக்கிறார்கள் என்று காட்டுபவை) எடுப்பவர்கள் 2012-இல் கீயோ (Guyot) குழுவினர் வெளியிட்ட வழிமுறையைப் பார்க்கலாம். வளைவின் புள்ளிகளோடு, கீழே அச்சிட்டிருக்கும் அபாயத்தில் உள்ளோர் எண்ணிக்கையையும் (அந்தந்த நேரத்தில் இன்னும் கண்காணிப்பில் இருப்பவர்கள்) சேர்த்து, தனித்தனி நோயாளிகளின் தரவைப் போன்ற ஒன்றை மீட்டெடுக்கிறார்கள். முப்பரிமாணமாகக் காட்டும் பட்டைப் படங்களை முடிந்தால் தொடாதீர்கள். பட்டையின் எந்த விளிம்பு மதிப்பைக் காட்டுகிறது என்பதே தெளிவாக இருக்காது.

படத்தைக் கொடுத்தால் அட்டவணையே தரும் செயற்கை நுண்ணறிவு உரையாடிகளையும் இப்போது பலர் நாடுகிறார்கள். அச்சின் பெயரையும் அலகையும் படிக்க, எத்தனை கோடுகள் என்று சொல்ல, நன்றாகவே உதவும். எண்களைப் பொறுத்தவரை எச்சரிக்கை தேவை. அவை பெரும்பாலும் பிக்சலை அளந்து சொல்வதில்லை. அந்தக் கிராஃபில் இருக்கக்கூடிய மாதிரியான எண்ணைச் சொல்லிவிடக்கூடும், பார்ப்பதற்கு முழுக்க நம்பும்படியே இருக்கும். அப்படி வாங்கினாலும் மறுபடி வரைந்து மேலே படியவிடும் சோதனை இல்லாமல் பயன்படுத்தாதீர்கள்.

முடிவில் எண்களோடு சில விவரங்களையும் எழுதி வையுங்கள்: எந்தக் கட்டுரை, எத்தனையாவது படம், எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு, அச்சை எந்தக் குறிகளில் அமைத்தீர்கள், ஒரு பிக்சலின் மதிப்பு எவ்வளவு, எந்தப் பகுதி கையால் எடுத்தது. உங்கள் கட்டுரையில் இந்த எண்களைப் பயன்படுத்தும்போது, இவை படத்திலிருந்து எடுத்தவை என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். எண்கள் அடங்கிய சிஎஸ்வி கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு சாளரத்தை மூடிவிடாதீர்கள். திட்டக் கோப்பையும் சேமியுங்கள். படம், அச்சு அமைப்பு, புள்ளிகள் எல்லாம் அதில் அடங்கும். ஆறு மாதம் கழித்து ஒரு புள்ளியில் சந்தேகம் வந்தால், அதைத் திறந்து அந்த ஒன்றை மட்டும் நகர்த்திவிட்டு எண்களைப் புதிதாக எடுத்துக்கொள்ளலாம்.